ஒரு வீடு, மூன்று ஒப்பந்தங்கள்

இராமநாதபுரத்தில் எங்கள் அம்மாவுக்காக ஒரு வீடு கட்டினோம். 2018 சித்திரையில் வானம் தோண்டினோம். 2019 ஆவணியில் பால் காய்ச்சினோம். பதினொரு சதுரம், அதாவது 1,100 சதுர அடி. ஊரில் எழும் வீடுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய வீடல்ல. எட்டு மாதத்தில் முடியும் என்று தொடங்கியது பதினாறு மாதம் இழுத்தது என்பதும் வீடு கட்டிய எவருக்கும் வியப்பளிக்கும் செய்தியல்ல. ஆனால் அந்தப் பதினாறு மாதங்களில் ஒரே வீட்டை மூன்று விதமான ஒப்பந்தங்களின் கீழ்க் கட்டி முடித்தோம். அது ஏன் அப்படி ஆயிற்று என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஓர் எண்ணம். இலக்கியம் படிக்க வந்தவர்களிடம் சிமெண்டையும் ஜல்லியையும் பேசுகிறோமே என்ற கூச்சமும் இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நாங்கள் என்றால் மூவர். வீட்டில் எங்களை அண்ணன், அக்கா, தம்பி என்றே வேறுபடுத்துவது வழக்கம். இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறோம். அண்ணன் உள்ளூரில் பள்ளி ஆசிரியர். அக்கா மதுரையில் இருக்கிறாள். தம்பி பாலங்கள் கட்டும் பொறியாளன். ஒப்பந்தப் பத்திரங்களை மற்றவர்கள் நாவல் படிப்பதுபோல் படிப்பவன். இந்தக் கட்டுரையை மூவரும் சேர்ந்தே எழுதுகிறோம். சில இடங்களில் எங்களுக்குள் இன்னமும் உடன்பாடு இல்லை என்பது படிப்பவருக்குத் தெரியத்தான் செய்யும்.

நம் ஊர்களில் வீடு கட்டுவதற்கு வழக்கமான வழிகள் மூன்று. வரைபடத்தைக் கையில் கொடுத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, கடைசியில் சாவியை வாங்கிக்கொள்வது முழு ஒப்பந்தம். கம்பியும் சிமெண்டும் மணலும் நாம் வாங்கிப் போட, ஆட்களை மேஸ்திரி கொண்டுவந்தால் அது லேபர் காண்ட்ராக்ட். இரண்டும் வேண்டாமென்றால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாள் கணக்கில் பேசி, சனிக்கிழமை மாலையில் எண்ணிக் கொடுப்பது. எங்கள் தாத்தாவின் ஓட்டு வீடு இந்த மூன்றாம் வழியில்தான் எழுந்தது. பெரிய வேலைகளிலும் ஏறக்குறைய இவையே வேறு பெயர்களில் இருக்கின்றன என்பான் தம்பி. வரைபவரிடம் வரைந்து வாங்கிக் கட்டுபவரை டெண்டரில் தேடுவது, வரைவதையும் கட்டுவதையும் ஒருவரிடமே ஒப்படைப்பது, ஆன செலவைக் கொடுத்து மேலே ஒரு கூலியும் தருவது. எது சிறந்தது என்று அந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகச் சண்டை நடக்கிறதாம்.

எங்கள் வீட்டில் சண்டை நடக்கவில்லை. பகல் முழுதும் கட்டட இடத்தில் நிற்க எங்களில் யாராலும் இயலாது. எனவே முழு ஒப்பந்தம். சதுர அடிக்கு 1,750 ரூபாய். வங்கிக் கடனும் அதற்கு இசைவாகவே வந்தது. அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பார்த்துப் பணம் விடுவார்கள். ஒப்பந்தக்காரரும் அதே கட்டங்களில்தான் பணம் கேட்பார். எல்லாம் பொருந்திப் போவதாகவே தோன்றியது.

முதல் இடறல் தண்ணீரில் வந்தது. எங்கள் ஊரில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. உப்பு நீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்; துரு பருக்கும்; பருத்தால் கான்கிரீட் வெடிக்கும். கட்டி முடித்துப் பல ஆண்டுகள் கழித்து நடக்கிற காரியம் அது. ஒப்பந்தத்தில் கம்பி என்ன கம்பி, சிமெண்டு என்ன சிமெண்டு, கதவு என்ன மரம் என்றெல்லாம் எழுதியிருந்தோம். தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருநாள் பள்ளி விட்டு வந்த அண்ணன், அஸ்திவாரச் செங்கல் கட்டின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தார். பக்கத்து மனையின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாய் வந்திருந்தது. நல்லவேளையாக, கம்பி கட்டிப் போடும் பெல்ட் கான்கிரீட் அதற்குமேல்தான் போடவேண்டியிருந்தது.

ஒப்பந்தக்காரரைக் கேட்டோம். அவர் மழுப்பவில்லை. "டேங்கர் தண்ணி வாங்கி ஊத்துறதுன்னா இந்த ரேட்டுக்குக் கட்டாது தம்பி. இந்தத் தெருவுல இருக்கிற வீடெல்லாம் இந்தத் தண்ணியிலதான் கட்டினது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. டேங்கர் தண்ணீருக்கு நாங்களே பணம் தருவதாகச் சொல்லி அந்தப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டோம். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. நல்ல தண்ணீர் என்பது எழுதாமலே உள்ளடங்கிய கடமை என்பது அவன் கட்சி. கடமையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கடமையைச் செய்தால் அவருக்கு நட்டம், செய்யாவிட்டால் லாபம் என்கிற ஓர் ஏற்பாட்டை எங்கள் கையெழுத்தால் நாங்களே உண்டாக்கியிருந்தோம் என்று அக்கா சொன்னாள்.

அதற்குப் பிறகு மற்ற ஒப்பந்தங்களையும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினோம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரை ஏதோ ஒன்றைப் பார்க்காமல் இருக்கச் சொல்கிறது. முழு ஒப்பந்தத்தில் கட்டுபவர் கண்ணுக்குத் தெரியாத தரத்தைப் பார்ப்பதில்லை. லேபர் காண்ட்ராக்டில் மேஸ்திரி பொருள் வீணாவதைப் பார்ப்பதில்லை; பின்னாளில் ஒன்பது மூட்டை சிமெண்டு மழைக்கால ஈரத்தில் கல்லாகிப் போனபோது இது நன்றாகவே விளங்கிற்று. தினக்கூலியில் எவரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இதில் இரண்டாம் கேள்விதான்.

*

ஆடி மாதம், சுவர்கள் லிண்டல் மட்டத்தில் நின்றபோது, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் முழுதும் செயலிழந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு நாள். உயிருக்கு ஆபத்தில்லை என்றான பிறகு, இயன்முறை மருத்துவர் எங்களை அழைத்து வீட்டைப் பற்றிக் கேட்டார். வாசலில் எத்தனை படி? குளியலறைக் கதவு எவ்வளவு அகலம்? உள்ளே இறங்க வேண்டுமா? எங்களிடம் இருந்த விடைகள் இவை: ஐந்து படி, இரண்டரை அடி, ஆமாம், நான்கு அங்குலம் இறங்க வேண்டும்.

ஐந்து படி எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுவிடுகிறார்கள். பழைய வீடுகள் எல்லாம் தெருவுக்குக் கீழே போய்விடுகின்றன. அதற்கு அஞ்சி எல்லோரும் தரையை உயர்த்துகிறார்கள். நாங்களும் இரண்டரை அடி உயர்த்தியிருந்தோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குலம் நீள வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முப்பது அங்குலம் ஏற முப்பது அடி. வாசலுக்கும் தெருவுக்கும் இடையே எங்களுக்கு இருந்ததோ பத்தடி.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவு நேரங்களில் மூவரும் உட்கார்ந்து பேசிய பேச்சுகளே இந்தக் கட்டுரையின் உண்மையான விதை. ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்தோம். "தாள்ல என்ன போட்டிருக்கோ அதுக்குத்தான் நான் விலை சொன்னேன். இப்ப நீங்க சொல்றது வேற வீடு" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அம்மாவை அவருக்கு 'அக்கா' என்று கூப்பிட்டுப் பழக்கம். ஆனாலும் கதவு அகலத்தை மாற்ற, நிலைகளை மாற்ற, குளியலறையின் தரையை உயர்த்த என்று அவர் சொன்ன கூடுதல் தொகை எங்களைத் திகைக்க வைத்தது. தம்பி உடனே ஒப்பந்தத்தை முறித்துவிடலாம் என்றான். தண்ணீர் விவகாரமே போதுமான காரணம் என்று வாதாடினான். அண்ணன் எதையும் மாற்றவே வேண்டாம், வீடு முடியட்டும், பிறகு இடித்துக்கொள்ளலாம் என்றார். கையில் கடன், வங்கிக்குக் காட்ட வேண்டிய கட்டங்கள், எதிரே வடகிழக்குப் பருவமழை.

அக்காதான் பாம்பன் பாலத்தின் கதையை எடுத்தாள். அது எங்களுக்கு அம்மா சொன்ன கதை. 1964 டிசம்பர் புயலின்போது அம்மா மண்டபத்தில் பதினான்கு வயதுச் சிறுமி. 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடிக்குப் போன இரயில் கடலோடு போயிற்று. பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. கப்பல்களுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பித்தது. சீரமைக்க ஆறு மாதம் என்று இரயில்வே குறித்தது. மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பு அப்போது முப்பத்திரண்டு வயதான இ. ஸ்ரீதரனிடம் வந்தது. வேறு ஊர்களிலிருந்து உத்தரங்களைக் கொண்டுவந்து சேர்ப்பதாகத்தான் முதல் திட்டம். விழுந்த உத்தரங்கள் கடலடியில் கிடக்கின்றன என்பது மீனவர்கள் வழியாகத் தெரியவந்ததும் திட்டமே திரும்பியது. கிடப்பதை எடுத்து மறுபடி தூக்கி வைப்பதற்கு வழி தேடினார்கள். நாற்பத்தாறு நாளில் பாலம் மீண்டது. (1914இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு இரயில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அம்மாவுக்குப் பழையதுதான் பாலம்.)

"அவங்க திட்டத்தை மாத்தினாங்க இல்ல?" என்றாள் அக்கா.

தம்பி விடவில்லை. திட்டம் மாறியது சரி. ஆனால் யாருடைய பணத்தில் மாறியது? அங்கே கட்டுபவரும் இரயில்வே, கட்டச் சொன்னவரும் இரயில்வே. இடத்தில் நின்ற ஒருவருக்கு முடிவெடுக்கும் உரிமை இருந்தது. மாற்றத்துக்கு யாரும் கூடுதல் தொகை கேட்டுக் கடிதம் எழுதவில்லை. வளைந்து கொடுப்பது நல்ல குணம் என்று பொதுவாகப் பேசக்கூடாது என்று சொல்லி, எதிர்க்கதையாக சிட்னி ஒபேரா மாளிகையை வைத்தான்.

அந்தக் கதை பலருக்கும் பாதி தெரிந்தது. 1957இல் போட்டியில் வென்றவர் யோர்ன் உட்சன். அரசியல் காரணங்களால் அவசரம். மாநிலப் பிரதமர் ஜோசப் காஹில், வேலையைத் தொடங்கிவிட்டால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது என்று நினைத்தார். 1959இல் அடிமேடையைக் கட்டத் தொடங்கினார்கள். மேலே வரவேண்டிய ஓட்டுக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கோள வடிவம் என்ற விடை 1961 வாக்கில்தான் கிடைத்தது. கிடைத்தபோது, ஏற்கெனவே எழுப்பிய தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்து, அவற்றை உடைத்துப் பலப்படுத்த வேண்டியதாயிற்று. உட்சன் 1966இல் விலகினார், 1973இல் திறந்தார்கள், எழுபது இலட்சம் டாலர் என்ற மதிப்பீடு பத்துக் கோடியைத் தாண்டியது. "இதுவும் போகப் போகப் பார்த்துக்கலாம்னு கட்டினதுதான்" என்றான் தம்பி.

அண்ணன் அதுவரை பேசாமல் இருந்தார். கூரை தெரியாமல் தூணை ஏன் கட்டினார்கள் என்று கேட்டார். கணக்கு வாத்தியாரின் கேள்வி. தெரிந்ததை முதலில் போடு, தெரியாததைப் பிறகு கண்டுபிடி. ஆனால் தெரியாததின் பாரம் தெரிந்ததின் மேல் விழுமானால் அந்த வரிசை செல்லாது. அப்படியானால் எங்கள் வீட்டில் எது தெரிந்தது, எது தெரியாதது என்று ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

சுவர், தளம், மேல்பூச்சு: தெரிந்தவை. அம்மா நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவை மாறப்போவதில்லை. கதவு அகலம்: அன்றே தெரிந்துவிட்டது, மூன்றடிக்கு மேல். குளியலறை, தரை ஓடு, கைப்பிடிகள், வாசல்: தெரியாதவை. அம்மா மூன்று மாதத்தில் எழுந்து நடப்பாரா, நாற்காலியிலேயே இருப்பாரா என்று மருத்துவரே சொல்ல முடியாதபோது, குளியலறைக்கு இன்று விலை பேசுவதில் பொருளே இல்லை. தம்பியும் இதை ஒப்புக்கொண்டான். அவன் மதிக்கும் ஒரு வேலை உண்டு: இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம். அங்கே இடர்களைக் கட்டுபவர்கள் தலையில் கட்டாமல் உரிமையாளரே ஏற்றுக்கொண்டு, ஆன செலவைத் திறந்த கணக்காகக் கொடுத்து, எல்லோரையும் ஒரே அணியாக வேலை செய்ய வைத்தார்கள். 430 கோடிப் பவுண்டு வேலை, குறித்த நாளில், குறித்த செலவில் முடிந்தது. தெரியாததை மற்றவன் தலையில் விலையாக வைத்தால் அவன் அச்சத்துக்கும் சேர்த்து நாம்தான் பணம் கொடுக்கிறோம் என்று சொன்னான்.

"அங்கதானே தெறந்த அன்னிக்கு எல்லார் பெட்டியும் காணாமப் போச்சு?" என்றாள் அக்கா. உண்மைதான். 2008 மார்ச் 27 அன்று பயணப்பெட்டிகள் தேங்கி, விமானங்கள் நின்றுபோயின. ஊழியர்களுக்குப் புதிய இடம் போதுமான அளவு பழகியிருக்கவில்லை. கட்டடம் தயாராக இருந்தது. அவ்வளவுதான்.

*

மறு வாரம் ஒப்பந்தக்காரரை நேரில் கண்டு பேசினோம். சுவரும் தளமும் பூச்சும் பழைய விலையில் அவரே முடிப்பது. மழைக்கு முன் தளம் போட்டுவிடுவது. தரை, குளியலறை, வாசல் ஆகியவற்றை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுவது. எடுத்ததற்கு எவ்வளவு கழிப்பது என்பதில் மூன்று நாள் இழுபறி. தம்பி விலைப்பட்டியலைப் பிரித்தான். அவர் தமக்கு அந்த வேலைகளில் கிடைத்திருக்க வேண்டிய லாபத்தைக் கேட்டார். இறுதியில் அதில் பாதியைக் கொடுத்தோம். கொடுத்தது சரியா என்பதில் தம்பி இன்றும் எங்களோடு உடன்படவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் தளம் விழுந்தது, டேங்கர் தண்ணீரில்தான்.

தரை வேலையை லேபர் காண்ட்ராக்டாக விட்டோம். வழுக்காத சொரசொரப்பான ஓடுகளை நாங்களே பார்த்து வாங்கினோம். குளியலறைக்கும் வாசலுக்கும் ஒரு வயதான கொத்தனாரைத் தினக்கூலிக்குப் பிடித்தோம். பன்னிரண்டு நாள் வேலை என்று நினைத்தது முப்பத்தொரு நாள் ஆயிற்று. சாய்தளம் மதிப்பீட்டில் இல்லை என்று வங்கி அதற்குப் பணம் விடவில்லை. சுற்றுச்சுவருக்காக வைத்திருந்த பணம் அதில் கரைந்தது.

ஆனால் அந்த முப்பத்தொரு நாளில் நடந்தவற்றை எந்த வரைபடத்திலும் போட்டிருக்க முடியாது. கொத்தனார், சாய்தளத்தை உடனே கட்டவேண்டாம் என்றார். சென்ட்ரிங் பலகைகளைச் செங்கல் அடுக்கின் மேல் சரிவாகப் போட்டு, வாடகைச் சக்கர நாற்காலியை உருட்டிப் பார்க்கச் சொன்னார். முதலில் இடத்தை மிச்சம் பிடிக்க இருபதடிக்குப் போட்டோம். தம்பி நாற்காலியில் உட்கார, அக்கா தள்ளினாள். ஏற்றிவிட்டாள், இறக்கும்போது கை நழுவப் பார்த்தது. மறுநாள் முப்பதடி. வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டிப் போய், மூலையில் திரும்பி வாசலுக்கு வந்தது. திரும்பும் இடத்தில் நாற்காலி நிற்கச் சமதரை வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவையே அழைத்து வந்தோம். அதற்குள் கைத்தாங்கலாகச் சில அடிகள் வைக்கத் தொடங்கியிருந்தார். தம்பி வரைந்த படத்தில் வெளிப்பக்கம் மட்டும் கைப்பிடிக் குழாய் இருந்தது. ஏறும்போது அம்மாவின் வலக்கைக்கு எட்டுகிற பக்கம். அம்மா கொத்தனார் நட்டிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். மேலே போய்த் திரும்பி நின்றார். மூங்கில் இப்போது இடப்பக்கம் இருந்தது. வலக்கையைக் காற்றில் ஆட்டிக் காட்டினார். பேச்சு அப்போது இன்னும் குழறும். "எறங்க... என்னத்தப் பிடிக்க?" என்று கேட்டார்.

கடலுக்கு நடுவே தூண் நிறுத்துகிறவன் எங்கள் தம்பி. தலையில் கை வைத்துக்கொண்டு செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டான். கொத்தனார் சிரித்தபடியே சுவர்ப்பக்கமும் ஒரு மூங்கிலை நட்டார். மேற்பூச்சு ஈரமாக இருந்தபோது தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கே பதித்துப் பதித்து எடுத்தார். சக்கரம் வழுக்காமல் பிடிக்க அந்தக் கோடுகள் போதும் என்றார், போதுமாகத்தான் இருந்தது.

சுற்றுச்சுவர் இன்னும் கட்டவில்லை. ஆடுகள் உள்ளே வந்துவிடுகின்றன. அம்மா இப்போது கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறார். வெளியே போகத்தான் நாற்காலி. வெயில் காலத்தில் முப்பதடிச் சாய்தளம் முழுதும் வேட்டியை விரித்து வற்றல் காயப்போடச் சொல்கிறார். கயிற்றுக் கோடுகளில் சிக்கிய பருக்கைகளைக் கழுவித் தள்ளுவது பெரும்பாடு. விடுமுறையில் வரும் தம்பிக்குத்தான் அந்த வேலை.